எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இல்லை

போன மாதம் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். மஸ்கட்டில் நம் தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்கிக்கொள்ளும் அலுவலகம் ஒன்று இருக்கிறது. வேலை பார்க்கும் காய்கறிக் கிடங்கில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில், "ஊர்ல உங்களைத் தெரிஞ்ச ஆளுங்க பேரு எழுதலையே? போலீஸ் போய்க் கேட்டா அவங்கதான் உங்களைத் தெரியும்னு சொல்லணும்" என்றாள்.

நான் பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எனக்கு ஊரில் யாருமே இல்லை என்று அவள் நினைத்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு, "பக்கத்து வீட்டுக்காரங்களா இருந்தாலும் போதும்" என்றாள். ஆள் இல்லாமல் நான் நிற்கவில்லை. எங்கள் தெரு முழுவதற்கும் என்னைத் தெரியும். அந்தத் தெருவின் வழக்கம் நினைவுக்கு வந்ததால்தான் நின்றேன்.

மாமாவின் பெயரையும் எங்கள் தெரு டீக்கடைக்காரர் மகனின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். வெளியே வந்ததும் மாமாவுக்குப் போன் செய்தேன். "மாமா, போலீஸ் வந்து என்னைப் பத்திக் கேட்டா, தெரியும்னு சொல்லோணும். மறந்துறாதீங்க" என்றேன். அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது.

"ஏன் மாப்ள, நீ இன்னும் அதை மறக்கலியா?" என்றார்.

மறக்கவில்லை.

நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் போகும் சாலையை ஒட்டி எங்கள் தெரு. ஒரு பக்கம் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள். காலையில் தொடங்கும் சுத்தியல் சத்தம் இருட்டும்வரை ஓயாது. இன்னொரு பக்கம் வீடுகள். வீட்டுக்கு ஒரு டிரைவராவது இருப்பார். எங்கள் தெருவில் ஆண்கள் எல்லாரும் ஒரே நாளில் ஊரில் இருந்ததை நான் பார்த்ததில்லை. ஒருவர் கல்கத்தா போயிருப்பார், ஒருவர் நாசிக்கிலிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருப்பார்.

டிரைவர்கள் உள்ள தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கோ தூரத்து ஊரில் வண்டி யார் மேலாவது மோதிவிட்டால், கூடுகிற கூட்டத்தின் அடிக்குப் பயந்து டிரைவர் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவார். பின்னாலேயே விலாசத்தைத் தேடிக்கொண்டு போலீஸ் வரும். லாரி ஓனர் வக்கீலைப் பிடித்து ஜாமீனுக்கு ஏற்பாடு செய்கிற வரைக்கும் அந்த டிரைவரைத் தெருவில் யாருக்கும் தெரியாது. கட்டிய மனைவிக்கே தெரியாது. வக்கீல் வந்து சரி என்று சொன்ன பிறகு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்துவிடும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. பேசக் கற்றுக்கொள்ளும்போதே இதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டோம்.

அப்பாவும் டிரைவர்தான். எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது சவுதிக்குத் தண்ணீர் லாரி ஓட்டப் போனார். போன புதிதில் மாதம் தவறாமல் கடிதம் வந்தது. அம்மா எனக்கு அதை வாசித்துக் காட்டுவார். கடைசியில் எப்போதும் 'பையனை நன்றாகப் படிக்கச் சொல்லவும்' என்று இருக்கும். மூன்றாவது வருடத்தில் கடிதம் வருவது குறைந்து, பிறகு நின்றே போனது. அம்மா அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. தபால்காரர் சைக்கிள் தெருவுக்குள் வரும் நேரத்தில் மட்டும் வாசல் பக்கம் ஏதாவது வேலை வைத்துக்கொள்வார்.

எனக்கு அப்பாவின் முகம் சுவரில் இருந்த கல்யாணப் படத்தில் இருந்த முகம்தான். அடர்ந்த மீசை, எண்ணெய் வைத்து ஏற்றிச் சீவிய தலைமுடி, உப்பிய கன்னம். பள்ளிக்கூடத்தில் யாராவது உங்க அப்பா எப்படி இருப்பார் என்று கேட்டால் அந்தப் படத்தைத்தான் சொல்வேன்.

கடிதம் நின்று ஒரு வருடம் போல ஆகியிருந்த ஒரு நாள், பள்ளிக்கூடம் விடுமுறை. நான் டீக்கடை பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தேன். ஒரு கான்ஸ்டபிள் மொபெட்டில் வந்து இறங்கினார். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர் என்று பிறகு தெரிந்தது. கையில் இருந்த காகிதத்தைப் பார்த்து அப்பாவின் பெயரைச் சொல்லி, வீடு எது என்று கேட்டார்.

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பிடி ஒரு ஆளு இந்தத் தெருவுலயே இல்லீங்க" என்றார்.

"அவரோட அப்பா பேரும் போட்டிருக்கு பாருங்க. இன்னாருடைய மகன்னு."

"அந்தப் பேருல தகப்பனும் ஆரும் இல்லீங்களே."

அப்பாவும் டீக்கடைக்காரரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அப்பா வெளிநாடு போன அன்று பஸ் ஏற்றிவிட்டதே அவர்தான்.

தெருவில் செய்தி ஓடுவதற்கு யாரும் ஓட வேண்டியதில்லை. கான்ஸ்டபிள் வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் பக்கத்து வீட்டு அத்தை கொல்லைப்புறமாக எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, கல்யாணப் படத்தை ஆணியிலிருந்து கழற்றி, அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டார். அதில் அவருக்கு நல்ல பழக்கம். அவர் வீட்டுக்காரருடைய படம் பல தடவை அரிசிக்குள் போய் வந்திருக்கிறது.

பட்டறையில் வெல்டிங் செய்துகொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, கையில் கரியோடு வந்து வாசலை மறித்து நின்றார்.

"வெளிநாட்டுலேர்ந்து கேட்டிருக்காங்கப்பா, இந்த ஆளு உங்க ஊர் ஆளுதானான்னு. விசாரிச்சு எழுதணும். அவ்வளவுதான்" என்றார் கான்ஸ்டபிள்.

வெளிநாட்டிலிருந்து கேட்கிறார்கள் என்றதும் மாமாவின் முகம் மாறியது. அந்த ஊரிலிருந்து இங்கே வரைக்கும் கேட்டு வருகிறார்கள் என்றால் எவ்வளவு பெரிய விபத்தாக இருக்க வேண்டும்! "இது வேற ஊடுங்க. நாங்க குடி வந்தே கொஞ்ச நாள்தானுங்க ஆகுது" என்றார். அந்த வீட்டின் சுவரில் அவர் சின்னப் பையனாக இருந்தபோது கரியால் வரைந்த லாரி இன்னும் அழியாமல் இருந்தது.

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். குனிந்து, காகிதத்தோடு சேர்த்துக் குத்தியிருந்த ஒரு சின்னப் போட்டோவைக் காட்டினார். "தம்பி, நீ சொல்லு. இது யாரு? உங்கப்பாவா?"

நான் நன்றாகப் பார்த்தேன். ஒட்டிய கன்னம், மழித்த மேலுதடு, தாடையில் நரைத்த கொஞ்சம் தாடி, ஒட்ட வெட்டிய தலை. கழுத்து சட்டைக் காலருக்குள் ஆடுவது போல இருந்தது. என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் இருக்கும் எதையோ பார்ப்பவரைப் போல அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க. எங்கப்பாவுக்கு மீசை இருக்கும்" என்றேன்.

மாமா என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

கான்ஸ்டபிள் நிமிர்ந்து, உள்ளே நின்றிருந்த அம்மாவிடம் காகிதத்தை நீட்டினார். "ஏம்மா, நீங்க பாருங்க."

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். நிலைப்படி வரைக்கும் வந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. மாமா ஒரு தடவை செருமினார். பட்டறையில் தகடு அடிக்கும் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

"தெரியலீங்க" என்றார் அம்மா.

கான்ஸ்டபிள் காகிதத்துக்காகக் கையை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. போட்டோவைப் பார்த்தபடியே, "இவரு ஆரோ... உசுரோட இருக்காருங்களா?" என்று கேட்டார்.

"இருக்கறதாலதானம்மா கேக்கறாங்க."

அதன் பிறகு கொடுத்தார். கான்ஸ்டபிள் எதையோ எழுதிக்கொண்டு மொபெட்டை உதைத்துக் கிளம்பினார். அது சாலையில் ஏறி மறைகிற வரைக்கும் தெருவில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மறைந்ததும் எல்லாரும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அன்றைக்கு நான் பெரிய மனிதனாகிவிட்டேன். "மீசை இருக்கும்னு சொன்னான் பாருங்க! எந்த வக்கீலுக்கு இந்தப் பேச்சு வரும்?" என்று டீக்கடைக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்து, எனக்கு ஒரு தேங்காய்ப் பன் கொடுத்தார். அத்தை, "என்ற சாமி! வவுத்துக்குள்ள எத்தன சாமர்த்தியம்" என்று கன்னத்தைக் கிள்ளினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெரியாத ஆளைத் தெரியாது என்று சொன்னதற்கு ஏன் பன் கொடுக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். போலீஸ்காரர் காட்டிய படத்தில் இருந்தது யார் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் பன்னைத் திருப்பிக் கேட்பார்களோ என்று இருந்தது.

ஆனால் அன்றைய பாராட்டில் பெரும்பங்கு அம்மாவுக்குத்தான் போனது. "நம்மளெல்லாம் சும்மா. அக்கா ஒரு கேள்வி கேட்டுச்சு பாரு, உசுரோட இருக்காருங்களான்னு. சம்பந்தமே இல்லாத பொம்பள எப்பிடிக் கேக்கும், அப்பிடியே கேட்டுச்சு. அங்கதான் போலீஸ்காரன் முழுசா நம்பிப்போட்டான்" என்று மாமா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அரிசி டிரம்முக்குள் கையை விட்டுப் படத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் போன் வந்தது. தெரு முனையில் இருந்த லாரி புக்கிங் ஆபீசில் மட்டும்தான் போன் உண்டு. ஆபீஸ் பையன் வந்து, "சவுதியிலிருந்து லைன்ல இருக்காருங்க" என்று கத்தியதும் தெருவே அந்த ஆபீசுக்குள் நுழைந்துவிட்டது. அம்மா ரிசீவரை எடுத்து, "ஏனுங்க..." என்று ஆரம்பித்தவர் ரிசீவரை மாமாவிடம் நீட்டினார். மாமா அதை வாங்கிக்கொண்டார். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கால் என்றால் இரண்டு பக்கமும் கத்தித்தான் பேச வேண்டும். அப்பா பேசியது அங்கே நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது.

"போலீஸ் வந்து விசாரிச்சாங்களா?"

"வந்தாங்க மச்சான்! நீங்க ஒன்னுக்கும் கவலப்படாதீங்க. ஒருத்தரு வாயத் தொறக்கலியே! டீக்கடைல ஆரம்பிச்சு உங்க பையன் வரைக்கும், அப்பிடி ஒரு ஆளே கெடையாதுன்னு சாதிச்சுப்போட்டோம்!"

மாமா சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். போனில் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று மாமா ரிசீவரைத் தட்டினார்.

"மாப்ள" என்றார் அப்பா. இந்தத் தடவை அவர் கத்தவில்லை. அதனால் எல்லாரும் நெருங்கி வந்தார்கள். "நானு ஆக்சிடென்ட்டு ஒன்னும் பண்ணல. இங்க என்ற பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சிருந்தவன் கம்பெனிய மூடிட்டு ஓடிட்டான். ஊருக்கு வாரதுக்கு நம்ம எம்பசில பேப்பர் கேட்டிருந்தேன். அவங்கதான் நம்மூருக்கு எழுதி, நான் நெசமாலுமே அந்த ஊருதானான்னு கேட்டாங்க. இப்ப அப்பிடி ஒரு ஆளே இல்லீன்னு பதில் வந்திருக்குது."

மாமா ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"நான் இன்னாருன்னு சொல்றதுக்கு இங்க ஒருத்தரும் இல்ல. அங்கயாச்சும் சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றார் அப்பா.

லைன் அப்போதுதான் போனது. மாமா ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். டீக்கடைக்காரர்தான் முதலில் வெளியே போனார். கடையைப் பாதியில் சாத்திவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, "போலாம் வாங்க, ஸ்டேஷனுக்கு" என்றார்.

பட்டறையில் பாடி கட்டி முடித்து நின்ற ஒரு லாரியில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். புதுப் பெயின்ட் இன்னும் காயவில்லை. யாரும் எங்கேயும் சாயாமல் நடுவில் நின்றுகொண்டே வந்தோம். அம்மா ரேஷன் கார்டையும் கல்யாணப் படத்தையும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

கான்ஸ்டபிள் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். விஷயத்தைக் கேட்டு முடித்ததும் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு இல்லைன்னீங்க. இன்னைக்கு இருக்காருன்றீங்க. நாளைக்கு என்ன சொல்லுவீங்க?"

"நாளைக்கும் இருக்காருங்க" என்றார் மாமா.

"எதை நம்பறது நானு? அன்னைக்கு யார் யாரு பொய் சொன்னீங்களோ, ஒவ்வொருத்தரா முன்னாடி வாங்க. இவரு யாருன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. மேல அனுப்பறேன். அவரு அங்க மறுபடியும் எழுதிக் கேக்கட்டும்."

வரிசையாக வந்தார்கள். "நான் பொய்யிங்க" என்று டீக்கடைக்காரர் ஆரம்பித்துவைத்தார். "நான் படத்த ஒளிச்சு வெச்சவளுங்க" என்றார் அத்தை. கான்ஸ்டபிள் கல்யாணப் படத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு அரிசி மாட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் எங்களை நம்பினார் என்று நினைக்கிறேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் குனிந்தார்.

"மீசைக்காரன் மகனே, நீயும் பொய்தானா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பொய் சொல்லவில்லை, அன்று அவர் காட்டிய படத்தில் இருந்தவரை எனக்கு நிஜமாகவே தெரியவில்லை என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. அம்மாவைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுபடியும் அந்தக் காகிதம் சுற்றி வருவதற்கு மழைக்காலம் முழுவதும் ஆகிவிட்டது. அதுவரைக்கும் அப்பா யாரோ ஒரு தூத்துக்குடிக்காரருடைய அறையில், வெளியே தலை காட்டாமல் இருந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். காகிதம் வந்த அன்று கான்ஸ்டபிள் தெருவுக்குள் நுழைந்ததும் டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்தார். அப்பா எந்தப் பள்ளியில் படித்தார், எந்த வாத்தியாரிடம் அடி வாங்கினார், முதல் லாரியில் யாரிடம் கிளீனராக இருந்தார் என்று ஆரம்பித்துவிட்டார். அத்தை வந்து, அவருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சாப்பிட்டால் உடம்பு முழுக்கத் தடித்துவிடும் என்றார். மாமா உள்ளே போய் ஆணியோடு படத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"போதும்பா, போதும்" என்றார் கான்ஸ்டபிள். "இந்த ஆளு இருக்காருன்னு மட்டும் சொன்னாப் போதும். கத்தரிக்காயை எங்க எழுதறது?"

தை பிறந்த பிறகு ஒரு மத்தியானம் அப்பா வந்தார். சேலத்திலிருந்து வந்த பஸ் சாலையில் நின்றது. கையில் ஒரு பை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் இறங்கினார். தெருவில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன். எனக்கு அவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வீட்டுக்குள் ஓடி, "அம்மா, அந்தப் போலீஸ்காரர் காட்டுன போட்டோ ஆளு வந்திருக்காருங்க!" என்று கத்தினேன்.

அம்மா கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடியது இன்னும் கண்ணில் இருக்கிறது. அப்பா என்னைத் தூக்கப் பார்த்தார். நான் அம்மாவின் பின்னால் நின்றுகொண்டேன். அவருக்கு மீசை வளர்கிற வரைக்கும் அப்படித்தான் நின்றேன்.

தெருவில் அந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை. அப்பாவும் சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. மாமா இன்றும் யாருக்காவது அதைச் சொல்லும்போது அம்மா கேட்ட கேள்வியில்தான் முடிப்பார். எங்கள் தெருவில் சொல்லப்பட்ட பொய்களில் அதுதான் தலைசிறந்தது என்பது அவர் தீர்ப்பு. நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

நேற்று மாமா போன் செய்தார்.

"மாப்ள, உன்ற சோலி முடிஞ்சுது. காத்தாலயே போலீஸ்காரர் வந்துட்டாரு. கையில பெரிய போன் மாதிரி டேப்பு வெச்சிருந்தாரு, அதுல உன்ற போட்டோ. என்ற அக்கா மகன், மஸ்கட்டுல இருக்கான், தங்கமான பையன்னு படபடன்னு சொல்லிப்போட்டேன். ஆனா உங்கம்மாகிட்டக் காட்டுனாரு பாரு, அங்கதான் தொல்ல. வாங்கிட்டுத் திருப்பிக் குடுக்கவே மாட்டேங்குது. வெளிச்சத்துல வெச்சு வெச்சுப் பாக்குது. கடைசீல அவருகிட்டயே, இவன் நல்லா இருக்கானுங்களான்னு கேக்குது. தெனமும் போன்ல மூஞ்சியப் பாத்துப் பேசற பையன, போலீஸ்காரருகிட்டப் போயி கேக்குது பாரு!"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "போலீஸ்காரரு என்ன சொன்னாரு மாமா?" என்று கேட்டேன்.

"அவருக்கென்ன தெரியும்? நல்லா இருக்கறாருங்கம்மான்னாரு. அப்பறந்தான் குடுத்துச்சு."